இரைப்பைக் கீழ்வாய்ச் சுருக்கம்

இரைப்பைக் கீழ்வாய்ச் சுருக்கம் என்பது, இரைப்பை முடிந்து சிறுகுடல் தொடங்கும் இடத்திலுள்ள வளையத் தசை தடித்து, உணவு செல்லும் வழியை அடைத்துவிடும் நோயாகும். இது பெரும்பாலும் பிறந்து 3 முதல் 6 வாரங்களான குழந்தைகளிடம் காணப்படுகிறது. குடித்த பாலைக் குழந்தை பீய்ச்சி அடிப்பதுபோல் வாந்தி எடுப்பதும், எடுத்த உடனே மறுபடியும் பசியோடு பாலுக்கு அழுவதும் இதன் முதன்மை அறிகுறிகள். சரியான நேரத்தில் கண்டறிந்தால் ஒரு சிறிய அறுவை சிகிச்சையால் முழுமையாகக் குணமாகிவிடும். கவனிக்காமல் விட்டால் நீரிழப்பாலும் உப்பிழப்பாலும் உயிருக்கு ஆபத்து உண்டாகும். பெரியவர்களுக்கும் இதே இடத்தில் அடைப்பு வருவதுண்டு. ஆனால் அதன் காரணங்கள் வேறு.

உறுப்பின் அமைப்பு

இரைப்பை ஒரு தசைப்பை. அதன் மேல்வாயில் உணவுக்குழாய் வந்து சேர்கிறது. கீழ்வாயிலிருந்து முன்சிறுகுடல் தொடங்குகிறது. இந்தக் கீழ்வாயை மருத்துவர்கள் பைலோரஸ் என்பர். கிரேக்க மொழியில் இச்சொல்லுக்கு வாயிற்காவலன் என்று பொருள். இரைப்பையில் கூழான உணவைச் சிறிது சிறிதாகக் குடலுக்குள் விடுவதும், மற்ற நேரத்தில் வாயிலை மூடி வைப்பதும் இதன் வேலை.

இந்தச் சுருக்கம் ஏற்படும் குழந்தைகளிடம் வளையத் தசை வழக்கமான கனத்தைப்போல் இரு மடங்கு அல்லது அதற்கும் மேல் தடித்துவிடுகிறது. நடுவிலுள்ள வழி நூல்போல் குறுகுகிறது. வெளியிலிருந்து தொட்டால் தசை ஒரு சிறு உருண்டையாகத் தட்டுப்படும். மேல்நாட்டு நூல்கள் இதனை ஆலிவ் காய்க்கு ஒப்பிடுகின்றன. நம் ஊர்க் களாக்காயை நினைத்துக்கொண்டால் அளவும் வடிவமும் ஏறக்குறைய சரியாக இருக்கும்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்தத் தடிப்பு பிறவியிலேயே இருப்பதில்லை. பிறந்தபின் வாரக்கணக்கில் படிப்படியாக வளர்கிறது. அதனால்தான் முதல் இரண்டு வாரம் நன்றாகப் பால் குடித்து, எடையும் ஏறிய குழந்தை திடீரென வாந்தி எடுக்கத் தொடங்குகிறது.

யாருக்கு வருகிறது

ஐரோப்பிய வம்சாவளியினரிடம் உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளில் 2 முதல் 4 பேருக்கு இந்நோய் வருகிறது. ஆசிய, ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் இந்த அளவு குறைவு. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்குச் சுமார் 4 மடங்கு அதிகமாக வருகிறது. தலைச்சன் பிள்ளைகளிடம் கூடுதலாகக் காணப்படுகிறது.

பரம்பரைத் தொடர்பும் உண்டு. குழந்தைப் பருவத்தில் இந்நோய் கண்ட தாய்க்குப் பிறக்கும் ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ 5இல் 1 குழந்தைக்கு இது வரக்கூடும். தந்தைக்கு இருந்திருந்தால் வாய்ப்பு அதைவிடக் குறைவு.

தசை ஏன் தடிக்கிறது என்பதற்கு ஒரே காரணம் நிறுவப்படவில்லை. தசையைத் தளரச் செய்யும் நரம்புச் செய்திகள் அந்த இடத்தில் குறைவாக இருப்பது ஆய்வுகளில் தெரிந்துள்ளது. பிறந்த முதல் இரண்டு வாரங்களுக்குள் எரித்ரோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. 1999இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், கக்குவான் இருமல் வராமல் தடுப்பதற்காக இம்மருந்து பெற்ற பச்சிளங்குழந்தைகள் பலருக்கு அடுத்தடுத்து இந்நோய் வந்தபோது இத்தொடர்பு கவனத்தைப் பெற்றது. அதே வகையைச் சேர்ந்த அசித்ரோமைசினுக்கும் இத்தொடர்பு கண்டறியப்பட்டுள்ளது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளைவிடப் புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளிடம் இந்நோய் அதிகம்.

கக்கலும் வாந்தியும்

கக்கின பிள்ளை தக்கும் என்பது தமிழ்நாட்டில் வழங்கும் பழமொழி. பால் கக்கும் குழந்தை பிழைத்து வளரும் என்பது இதன் பொருள். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது பொருந்தும். பச்சிளங்குழந்தையின் இரைப்பை மேல்வாய் இறுக்கமாக மூடுவதில்லை. ஆகவே பால் குடித்தபின் சிறிது பால் எதுக்களித்து வாயோரமாக வழிவது இயல்பு. ஆனால் இரைப்பைக் கீழ்வாய்ச் சுருக்கத்தில் வருவது கக்கல் அன்று, வாந்தி. இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளை வீட்டிலேயே கவனிக்கலாம்.

• கக்கலில் ஒரு கரண்டி அளவுப் பால் வாயோரமாக வழியும். வாந்தியில் குடித்த பால் முழுவதும் ஓரிரு அடி தூரம் சென்று விழும்.
• கக்கும் குழந்தை அதன்பின் அமைதியாக இருக்கும் அல்லது தூங்கிவிடும். கீழ்வாய்ச் சுருக்கம் உள்ள குழந்தை வாந்தி எடுத்த உடனே பசியால் அழும்.
• கக்கல் நாளுக்கு நாள் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். வாந்தியோ நாளுக்கு நாள் கூடி, ஒவ்வொரு முறை பால் குடித்தபின்னும் வரும்.
• கக்கும் குழந்தையின் எடை ஏறிக்கொண்டே போகும். நோயுற்ற குழந்தையின் எடை நின்றுவிடும், பிறகு இறங்கும்.
• கக்கும் குழந்தை வழக்கம்போல் சிறுநீர், மலம் கழிக்கும். நோயுற்ற குழந்தை நனைக்கும் துணிகளின் எண்ணிக்கை குறையும், மலமும் குறைந்து இறுகும்.

வாந்தியின் நிறமும் முக்கியமானது. பித்தநீர் முன்சிறுகுடலில்தான் வந்து கலக்கிறது. இந்நோயில் அடைப்பு அதற்கு மேலே இருப்பதால் வாந்தி வெள்ளையாகவோ தயிர்போலத் திரிந்தோ இருக்கும். நாள்பட்டால் காப்பி நிறக் கீற்றுகள் தென்படலாம். ஆனால் பச்சை நிறமாக இருப்பதில்லை. பச்சிளங்குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால் அது குடல் முறுக்கம் போன்ற வேறு நோயாக இருக்கலாம். அந்நிலையில் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

பால் குடித்த சற்று நேரத்தில் வயிற்றின் மேற்பகுதியில் இடமிருந்து வலமாக ஒரு பந்து உருண்டு செல்வதுபோல் அலை எழுவதைச் சில குழந்தைகளிடம் காணலாம். அடைபட்ட வாயிலைத் திறக்க இரைப்பை பலமாகச் சுருங்குவதால் இது தோன்றுகிறது. சில குழந்தைகளுக்குக் கண்ணும் தோலும் இலேசாக மஞ்சளாகலாம். அறுவை சிகிச்சைக்குப் பின் அது தானாக மறையும்.

உடலுக்குள் நிகழ்வது

இந்நோயில் உயிரைப் பறிப்பது தடித்த தசை அன்று, அதனால் நிகழும் இழப்பே. இரைப்பை நீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உள்ளது. குழந்தை ஒவ்வொரு முறை வாந்தி எடுக்கும்போதும் தண்ணீருடன் ஹைட்ரஜன் அயனியும் குளோரைடும் வெளியேறுகின்றன. அமிலம் குறையக் குறைய இரத்தத்தில் பைகார்பனேட் மிகுந்து, இரத்தம் காரத்தன்மை அடைகிறது. குளோரைடும் பொட்டாசியமும் தாழ்கின்றன.

இந்தக் கட்டத்தில் சிறுநீரகம் ஓர் இக்கட்டில் சிக்குகிறது. மிகுதியான காரத்தை வெளியேற்றுவது அதன் இயல்பான கடமை. ஆனால் உடலில் நீர் வற்றிவிட்டதால் சோடியத்தையும் நீரையும் பிடித்து வைக்கும்படி ஆல்டோஸ்டீரோன் என்னும் இயக்குநீர் கட்டளையிடுகிறது. சோடியத்தைத் தக்கவைக்க அதற்கு ஈடாக முதலில் பொட்டாசியத்தையும், அதுவும் குறைந்தபின் ஹைட்ரஜனையும் சிறுநீரகம் வெளியே விடுகிறது. இதனால் இரத்தம் காரமாக இருக்கும்போதே சிறுநீர் அமிலமாகிறது. இந்த முரண்பாடு, இழப்பு முற்றிவிட்டது என்பதற்கான அடையாளமாகும்.

இரத்தத்தில் காரத்தன்மை மிகுந்தால் மூச்சை இயக்கும் மூளைப் பகுதி மந்தமாகிறது. அந்த நிலையில் மயக்க மருந்து கொடுத்தால் அறுவைக்குப் பின் மூச்சு நின்றுபோகும் ஆபத்து உண்டு. சிகிச்சையின் வரிசையை முடிவு செய்வது இந்த உண்மையே.

தாமதம் எப்படி ஏற்படுகிறது

தமிழ்நாட்டில் தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பது வழக்கம். இந்நோய் தலைச்சன் பிள்ளைகளிடம் கூடுதலாகக் காணப்படுவதாலும், மூன்றாவது வாரத்தை ஒட்டித் தொடங்குவதாலும், வாந்தியை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் குழந்தையின் அம்மாச்சியாகவே இருப்பார். பல பிள்ளைகளை வளர்த்த அனுபவம் அவரிடம் உண்டு. ஆனால் அந்த அனுபவம் முழுவதும் கக்கலைப் பற்றியது. இந்நோயை அவர் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார்.

ஆகவே முதலில் கிரைப் வாட்டர், வசம்பு, உரைமருந்து எனக் கைவைத்தியம் நடக்கிறது. உரம் விழுந்துவிட்டது என்று உரம் எடுப்பவரிடமும், தொக்கம் எடுப்பவரிடமும் தூக்கிச் செல்வதுண்டு. புட்டிப்பால் குடிக்கும் குழந்தையானால் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று மாவை மாற்றுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நாள் கழிகிறது. பாலை மாற்றினாலும் வாயில் திறப்பதில்லை. குழந்தை தொடர்ந்து பசியோடு குடிப்பதால், நன்றாகத்தான் குடிக்கிறான் என்ற ஆறுதலும் தாமதத்துக்குக் காரணமாகிறது.

இன்னொரு காரணம் நாள்கணக்கு. தேசியத் தடுப்பூசி அட்டவணைப்படி, பிறந்தவுடன் போடும் தடுப்பூசிகளுக்கு அடுத்த தவணை 6ஆவது வாரத்தில் வருகிறது. இந்நோய் பெரும்பாலும் அதற்கு முன்பே தலைகாட்டிவிடுகிறது. எனவே ஊசி போடப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருக்கக் கூடாது. வீடு தேடி வரும் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் குழந்தையை எடை போடச் சொல்வது நல்லது. முதல் பத்து நாளுக்குப் பின் குழந்தையின் எடை நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏற வேண்டும். ஒரு வாரமாக எடை ஏறவில்லை, வாந்தியும் இருக்கிறது என்றால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

உச்சிக்குழி உள்ளே வாங்குதல், அழும்போது கண்ணீர் வராமை, வாய் உலர்தல், 6 முதல் 8 மணி நேரம் சிறுநீர் கழிக்காமை, துவண்டு கிடத்தல் ஆகியவை கடும் நீரிழப்பின் அடையாளங்கள்.

கண்டறியும் முறை

பெற்றோர் சொல்லும் விவரமே பாதி நோயைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும். மருத்துவர் குழந்தைக்குப் பால் கொடுக்கச் செய்து, வயிறு தளர்ந்திருக்கும்போது வலப்பக்க விலா எலும்புகளுக்குக் கீழே, தொப்புளுக்குச் சற்று மேலே தடவிப் பார்ப்பார். உருண்டை கையில் தட்டுப்பட்டால் நோய் உறுதியாகிறது.

1977 முதல் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் இதற்குப் பயன்பட்டு வருகிறது. இதில் கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை. தசையின் கனம் 3 மி.மீ. அல்லது அதற்கு மேலும், கீழ்வாயின் நீளம் ஏறக்குறைய 15 மி.மீ. அல்லது அதற்கு மேலும் இருந்தால் சுருக்கம் எனக் கொள்வர். தொடக்கத்தில் அளவு எல்லைக்கோட்டில் இருந்தால் ஓரிரு நாள் கழித்து மறுபடியும் ஸ்கேன் எடுப்பார்கள். ஐயம் தீராதபோது பேரியம் கொடுத்து எக்ஸ்ரே எடுப்பதும் உண்டு. அதில் குறுகிய வழி ஒரு நூலிழைபோல் தெரியும். இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட் அளவுகளைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

சிகிச்சை: முதலில் உப்புநீர், பிறகு அறுவை

நோய் உறுதியானதும் உடனே அறுவை அரங்குக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பெற்றோர் எதிர்பார்ப்பது இயல்பு. ஒரு நாள் காத்திருக்கச் சொன்னால் மருத்துவர்கள் காலம் கடத்துவதாகத் தோன்றும். உண்மையில் அந்தக் காத்திருப்பும் சிகிச்சையே. இந்நோயில் அவசரம் நீரையும் உப்பையும் ஈடுசெய்வதில்தான் உள்ளது.

நீரிழப்பு கடுமையாக இருந்தால் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 20 மி.லி. என்ற அளவில் உப்புநீரை இரத்தக்குழாய் வழியே முதலில் செலுத்துவர். பிறகு குளுக்கோஸ் கலந்த உப்புநீர் தொடரும். குழந்தை சிறுநீர் கழித்தபின் அதனுடன் பொட்டாசியம் சேர்க்கப்படும். குளோரைடு அளவு லிட்டருக்கு 100 மில்லிமோலை ஒட்டி உயர்ந்து, பைகார்பனேட் 30க்குக் கீழ் இறங்கியபின் மயக்க மருந்து கொடுப்பது பாதுகாப்பானது. இதற்குச் சிலருக்கு ஒரு நாளும், தாமதமாக வந்தவர்களுக்கு இரண்டு மூன்று நாளும் ஆகும்.

அறுவை சிகிச்சையில் தடித்த தசையை அதன் நீளவாட்டில் கீறி, இரு பக்கமும் விரித்துவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் சளிப்படலத்தை வெட்டுவதில்லை. இறுக்கம் நீங்கியதும் அது கீறல் வழியே புடைத்துக்கொண்டு வரும். தசையை வெட்டி எடுப்பதோ மீண்டும் தைப்பதோ இல்லை. வலப்பக்க மேல்வயிற்றில் சிறு கீறல் வழியாகவோ, தொப்புளை ஒட்டிய கீறல் வழியாகவோ, லேப்பராஸ்கோப் முறையிலோ இதைச் செய்யலாம்.

அறுவை முடிந்த சில மணி நேரத்திலேயே பால் கொடுக்கத் தொடங்கலாம். முதல் ஓரிரு நாள் சில முறை வாந்தி வந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. இரைப்பை பழைய நிலைக்கு வருவதற்கு அந்த அவகாசம் தேவை. பெரும்பாலோர் ஓரிரு நாளில் வீடு திரும்புகின்றனர். சளிப்படலத்தில் ஓட்டை விழுதல், தசை முழுவதும் பிளவுபடாமை, புண்ணில் சீழ் பிடித்தல் ஆகியவை அரிதாக நேரும் சிக்கல்கள். தேர்ந்த மருத்துவமனைகளில் இறப்பு 1 விழுக்காட்டுக்கும் குறைவு. தசைத் தடிப்பு பின்னர் தானாகக் கரைந்துவிடும். குழந்தையின் பிற்கால உணவு, வளர்ச்சி எதிலும் குறை இராது.

அட்ரோபின் என்னும் மருந்தால் தசையைத் தளர்த்தும் சிகிச்சை ஜப்பானில் கையாளப்படுகிறது. இதற்கு நீண்ட நாள் மருத்துவமனையில் தங்க வேண்டும். எல்லாக் குழந்தைகளுக்கும் பலன் கிடைப்பதில்லை என்பதால் அறுவையே உலகெங்கும் முதல் தெரிவாக உள்ளது.

வரலாறு

டென்மார்க்கைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஹெரால்டு ஹிர்ஷ்ஸ்ப்ரங் 1888இல் இரண்டு குழந்தைகளின் நோய் வரலாற்றை விவரித்து எழுதியபின்பே மருத்துவ உலகம் இதனைத் தனி நோயாக ஏற்றது. அக்காலத்தில் அடைப்பைச் சுற்றிக்கொண்டு இரைப்பையைக் குடலோடு இணைக்கும் பெரிய அறுவைகள் செய்யப்பட்டன. அவற்றைத் தாங்க முடியாமல் குழந்தைகள் பலர் இறந்தனர்.

ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகர அறுவை மருத்துவர் கான்ராட் ராம்ஸ்டெட், 1911இல் ஒரு குழந்தையின் தடித்த தசையைக் கீறினார். அன்றைய முறைப்படி அதைக் குறுக்குவாட்டில் தைக்க முயன்றபோது தையல்கள் தசையைக் கிழித்துக்கொண்டு வந்தன. வேறு வழியின்றித் தைக்காமல் விட்டார். குழந்தை பிழைத்தது. அடுத்த ஆண்டு இரண்டாவது குழந்தைக்குத் தையலே போடாமல் விட்டபோது விரைவாகவே குணம் கண்டது. 1912இல் அவர் வெளியிட்ட இம்முறை அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. 1991இல் பிரான்சில் இதே அறுவை லேப்பராஸ்கோப் வழியாகச் செய்யப்பட்டது வெளிவந்தது.

பெரியவர்களிடம்

குழந்தைகளுக்கு வருவதுபோல் காரணமின்றித் தசை மட்டும் தடிப்பது பெரியவர்களிடம் மிக அரிது. பிரெஞ்சு மருத்துவர் ழான் குருவேல்யே 1835இல் இதனை விவரித்தார். பெரும்பாலும் நடுவயது ஆண்களிடம் காணப்படுகிறது. பெரியவர்களின் கீழ்வாய் அடைப்புக்கு வழக்கமான காரணங்கள் முன்சிறுகுடல் புண்ணின் வடு, இரைப்பைப் புற்றுநோய், கழிவறை கழுவும் அமிலம் போன்றவற்றைக் குடித்ததால் ஏற்பட்ட காயம் ஆகியவை. இந்தியாவில் காசநோயும் சில வேளைகளில் காரணமாகிறது.

சிறிது உண்டதுமே வயிறு நிறைந்ததுபோல் தோன்றும். மாலையில் எடுக்கும் வாந்தியில் முந்தைய நாள் உண்ட உணவு அப்படியே வரும். வாந்தி எடுத்தால் வயிறு இலேசாவதால் சிலர் விரலை விட்டுத் தாமே எடுப்பர். வயிற்றைக் குலுக்கினால் பாதி நிறைந்த குடத்தில் தண்ணீர் தளும்புவது போன்ற ஓசை கேட்கும். குழந்தைகளிடம் காணும் அதே அமில இழப்பும் உப்பிழப்பும் இவர்களுக்கும் நேரும்.

இருபதாம் நூற்றாண்டில் தென்னிந்திய அறுவை மருத்துவர்கள் அடிக்கடி கண்ட நோய்களுள் இது ஒன்று. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற தியோடர் ஹோவர்டு சாமர்வெல், 1922 பயணத்துக்குப் பின் நெய்யூர் மருத்துவமனையைக் கண்டு அங்கேயே பணியாற்ற முடிவு செய்தார். அன்று திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. முன்சிறுகுடல் புண்ணாலும் அதனால் வரும் அடைப்பாலும் துன்புற்ற ஏராளமான ஏழைகளுக்கு அவர் அறுவை செய்தார். பின்னர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் பணியாற்றினார். கோதுமை உண்ணும் வடமேற்குப் பகுதிகளைவிட, அரிசியும் மரவள்ளிக்கிழங்கும் உண்ணும் பகுதிகளில் இப்புண் அதிகம் என்பது அக்கால மருத்துவர்கள் கண்ட உண்மை.

1982இல் ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவை வளர்த்தெடுத்து, புண்ணுக்கும் அதற்கும் உள்ள தொடர்பைக் காட்டினர். இதற்காக 2005இல் நோபல் பரிசு பெற்றனர். இந்தப் பாக்டீரியாவின் பெயரிலும் பைலோரஸ் என்ற சொல்லே உள்ளது. நுண்ணுயிர்க்கொல்லிகளும் அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளும் வந்தபின் புண் வடுவால் வரும் அடைப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆகவே இன்று பெரியவர் ஒருவருக்கு இந்த அடைப்பு வந்தால், எண்டோஸ்கோப்பி செய்து சதைத்துணுக்கு எடுத்துப் புற்றுநோய் இல்லை என்று முதலில் உறுதிசெய்வது கட்டாயமாகும். பிறகு காரணத்துக்கு ஏற்ப மருந்து, பலூன் கொண்டு விரிவாக்கல், இரைப்பையைச் சிறுகுடலோடு இணைத்தல் ஆகியவற்றுள் ஒன்று தெரிவு செய்யப்படும்.

மணவூர், திருத்தணி வட்டாரத்தில் செய்யத்தக்கவை

ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணி, திருவாலங்காடு, மணவூர் வட்டாரங்களில் உள்ளவர்கள் முதலில் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தையோ திருத்தணி அரசு மருத்துவமனையையோ அணுகலாம். திருவள்ளூரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டுள்ளது. குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சைக்குச் சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன. மணவூரிலிருந்து சென்னைக்குப் புறநகர் ரயில் உண்டு என்றாலும், துவண்டுபோன குழந்தையை ரயிலில் கொண்டு செல்லக் கூடாது. 108 அவசர ஊர்தியை அழைத்து, அருகிலுள்ள மருத்துவமனையில் உப்புநீர் ஏற்றத் தொடங்கியபின் மேல்சிகிச்சைக்குச் செல்வதே பாதுகாப்பு.

புறப்படும்போது பிறப்பு எடை குறித்த தாய் சேய் நல அட்டை, குழந்தைக்கு இதுவரை கொடுத்த மருந்துகள், வாந்தி பட்ட துணி அல்லது வாந்தி எடுக்கும்போது எடுத்த கைப்பேசிக் காணொளி ஆகியவற்றை உடன் எடுத்துச் செல்ல வேண்டும். வாந்தி எந்த நாளில் தொடங்கியது, என்ன நிறம், எவ்வளவு தூரம் விழுகிறது, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை தயாராக இருந்தால் மருத்துவரின் வேலை எளிதாகும். குடும்பத்தில் யாருக்கேனும் கைக்குழந்தையாக இருந்தபோது இதே அறுவை நடந்திருந்தால் அதையும் தவறாமல் சொல்ல வேண்டும்.